டிஸ்க் என்னிடம், கேம் அவர்களிடம்

2006, 2007 வாக்கில் ஈரோட்டில் நாங்கள் கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 என்ற சுடும் கேமை ஆடிய பிரவுசிங் சென்டரில் மொத்தம் எட்டு கம்ப்யூட்டர்கள். மணிக்கு 15 ரூபாய். இன்டர்நெட் பாதி நாள் இருக்காது. மழை வந்தால் போய்விடும், மழை நின்றாலும் வராது. ஆனால் கேம் மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை. கல்லாவுக்குப் பக்கத்து மெஷினில் அண்ணன் சர்வரைப் போட்டுவிட்டு, "ஒன் நைன்ட்டி டூ, ஒன் சிக்ஸ்ட்டி எய்ட், ஒன்னு, அஞ்சு" என்று அதன் முகவரியைக் கத்துவார். நாங்கள் கேமுக்குள் கட்டளை அடிக்கும் பெட்டியைத் திறந்து கனெக்ட் என்று அடித்து அந்த எண்ணைத் தட்டினால் ஐந்து நொடியில் டஸ்ட் 2 மேப்பில் நிற்போம். சர்வர் என்றால் எங்களுக்கு அதுதான்: மேலே ஊதுபத்தி ஸ்டாண்டு வைத்திருக்கும் ஒரு பழைய சிபியு. (அந்த காப்பி காசு கொடுத்து வாங்கியதா என்று மட்டும் கேட்காதீர்கள்.)

இன்றைய கேம்களைப் பற்றி என் வயது ஆட்கள் புலம்புவதற்கு நிறைய இருக்கிறது. விலை 60 டாலரில் தொடங்கி 70 ஆகி, இப்போது 80 வரை வந்துவிட்டது. ஸ்கின் (கதாபாத்திரத்துக்கோ துப்பாக்கிக்கோ போடும் அலங்காரம்), பேட்டில் பாஸ் (ஆட ஆடப் பரிசு திறக்கும் கட்டணச் சீட்டு), 150 ஜிபி டவுன்லோடு, வெளியான அன்றே பேட்ச் என்ற திருத்தம். இதில் பாதியை நான் பெரிதுபடுத்துவதில்லை. ஸ்கின் பிடிக்கவில்லையா, வாங்காமல் விடலாம். விலை அதிகமா, சேல் வரும்வரை பொறுக்கலாம். பேட்ச் போடுவதால் நல்லதும் நடக்கிறது. என்னால் விழுங்க முடியாதது ஒன்றுதான். முழு விலை கொடுத்து வாங்கிய கேமை, விற்றவரே ஒரு நாள் அணைத்துவிட்டுப் போகலாம் என்கிற ஏற்பாடு. மற்ற புலம்பல்கள் ருசியைப் பற்றியவை. இது பொருள் யாருடையது என்பதைப் பற்றியது.

இந்த விவகாரத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது 'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் கேம். பிரான்சின் லியோன் நகரத்தில் உள்ள ஐவரி டவர் ஸ்டுடியோ செய்தது, யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பர் 2 அன்று வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே மேப்பாகத் தந்திருந்தார்கள். நியூயார்க்கில் கிளம்பி மேற்குக் கரை வரைக்கும் நடுவில் லோடிங் திரை இல்லாமல் ஓட்டிக்கொண்டே போகலாம். பந்தயம் கூட வேண்டாம், சும்மா ஓட்டினாலே போதும் என்று அதை நேசித்தவர்கள் உண்டு. தனி ஆளாக ஆடக்கூடிய கதையும் அதில் இருந்தது. ஆனால் எதை ஆடினாலும், தனியாகவே ஆடினாலும், நெட் இணைப்பு கட்டாயம்.

2023 டிசம்பர் 14 அன்று அதைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். சர்வர் கட்டமைப்பும் உரிமங்களும் தடையாக இருப்பதாக நிறுவனம் காரணம் சொன்னது. அண்மையில் வாங்கியவர்கள் மட்டும் பணம் திரும்பக் கேட்கலாம், பத்தாண்டு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகு பிசியில் ஆடியவர்களின் யூபிசாஃப்ட் கணக்கிலிருந்து அந்த கேமின் லைசென்ஸே எடுக்கப்பட்டது. டிஸ்க் வைத்திருந்தவர்கள் டிஸ்க்கை உள்ளே போடலாம். சுற்றும். சர்வரைத் தேடும். கிடைக்காது. அவ்வளவுதான். பெட்டி, அட்டை, டிஸ்க் எல்லாம் அலமாரியில் அப்படியே இருக்க, கேம் மட்டும் இல்லை.

உரிமம் என்ற காரணத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நிஜ கார் கம்பெனிகளின் பெயரையும் வடிவத்தையும் பயன்படுத்தும் கேம்களுக்கு அந்த ஒப்பந்தங்கள் ஒரு நாள் முடியும், உண்மைதான். மைக்ரோசாஃப்டின் ஃபோர்சா ஹொரைசன் 4க்கும் அதே கதைதான் நடந்தது. 2024 டிசம்பர் 15 அன்று அதை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள் அதற்குப் பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததால் நின்றது புது விற்பனை, பழைய கார் இல்லை. இரண்டு கேமுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால், அது எந்தக் காகிதத்திலும் இல்லை. கேமைக் கட்டிய விதத்தில் இருக்கிறது.

சர்வர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அது செய்யும் வேலைகள் வேறு வேறு. பத்துப் பேர் சேர்ந்து ஆடும்போது யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டது யார் மேல் பட்டது என்று தீர்ப்புச் சொல்லும் நடுவர் வேலை ஒன்று. எங்கள் அண்ணனின் மெஷின் செய்தது அதைத்தான். இரண்டாவது, இந்த ஆள் காசு கொடுத்து வாங்கியவனா என்று வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. மூன்றாவதுதான் ஆபத்தானது. கேமின் ஒரு பகுதியையே சர்வரில் வைத்துவிடுவது: உங்கள் சேவ் (விட்ட இடத்திலிருந்து தொடர வைக்கும் பதிவு), உங்களிடம் இருக்கும் கார்கள், அடுத்த மிஷன் எப்போது திறக்கும் என்கிற கணக்கு. வீட்டை உங்களுக்கு விற்றுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியை மட்டும் அவர்கள் மாடியில் கட்டிக்கொள்வது போன்றது இது. குழாய் உங்கள் சமையலறையில்தான் இருக்கிறது. வால்வு அவர்கள் கையில்.

இப்படிக் கட்டியே ஆக வேண்டுமா? இதற்கு 2013 மார்ச்சில் ஒரு நல்ல பாடம் நடந்தது. அப்போது வெளிவந்த சிம்சிட்டி, நகரம் கட்டும் கேம்; இயல்பிலேயே தனியாக உட்கார்ந்து ஆடுவது. அதற்கும் நெட் கட்டாயம் என்றார்கள். முதல் வாரம் சர்வர்கள் தாங்காமல் விழுந்தன, காசு கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஆஃப்லைனில் விடுங்கள் என்று கேட்டபோது, கணக்குப்போடும் வேலையில் கணிசமான பகுதி எங்கள் சர்வரில்தான் நடக்கிறது, மாற்றுவதற்குப் பெரிய பொறியியல் வேலை வேண்டும் என்று பதில் வந்தது. சில நாட்களிலேயே ஒருவர் கேமின் நிரலைத் தோண்டி, இணைப்பு அறுந்தால் இருபது நிமிடத்தில் கேமை வெளியே தள்ளும் சோதனையை எடுத்துப் போட்டார். நகரம் பாட்டுக்கு ஓடியது. ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், நிறுவனமே ஆஃப்லைன் வசதியைத் தந்தது. 'முடியாது' என்ற சொல்லை இந்தத் துறையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருபது நிமிடம்தான் ஞாபகம் வரும்.

இது ஒரே நாளில் வந்ததும் இல்லை. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 என்ற கேம் வந்தபோது, கடையில் டிஸ்க் வாங்கினாலும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் கணக்கு வேண்டும் என்றார்கள். நிறையப் பேர் கொதித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. ஸ்டீம் வசதியாகவும் இருந்தது, அதை மறுக்க முடியாது. 2012 மே மாதம் டயாப்லோ 3 வந்தது. முதல் இரவில் உலகம் முழுக்க மக்கள் பார்த்தது, சர்வர் பிஸி என்று சொல்லும் 'எரர் 37' என்ற ஒற்றை வரியை. தனியாக ஆட நினைத்தவருக்கும் அதே வரிதான். 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் கேம் கருவி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் ஆஜராக வேண்டும் என்று அறிவித்து, வசவு தாங்காமல் அதே மாதம் 19ஆம் தேதி திரும்பப் பெற்றது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். கதவை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். டவுன்லோடு பெருகப் பெருக, அன்று எதிர்த்த எல்லாம் ஒவ்வொன்றாக, அறிவிப்பே இல்லாமல் உள்ளே வந்தன. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்குச் சில கேம்கள் 'கேம்-கீ கார்டு' என்று விற்கப்படுகின்றன. கார்டு கையில் இருக்கும், அதற்குள் கேம் இருக்காது. டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டும் இருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால், திருட்டு காப்பியைத் தடுக்க என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. எங்கள் சென்டரே சாட்சி. ஆனால் பெரிய காரணம் பணம் வரும் வழி மாறியது. 2023 ஜூனில், ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவது தொடர்பான வழக்கில் சோனி தாக்கல் செய்த காகிதங்களில் ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததில் மார்க்கருக்கு அடியில் எண்கள் தெரிந்துவிட்டன. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21.2 கோடி டாலர். இவ்வளவு போட்டு எடுத்த கேமை ஒருவர் ஒருமுறை வாங்கி, ஆடி முடித்து, நண்பனுக்குக் கொடுத்துவிட்டால் கணக்கு இடிக்கிறது. அந்தப் பக்கம் ஜிடிஏ 5, 2013இல் வந்தது, 20 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது, அதன் ஆன்லைன் பகுதி வருடக்கணக்கில் காசு கறந்துகொண்டே இருந்தது. ஃபோர்ட்நைட் இலவசமாக வந்து ஸ்கின் விற்றே சாம்ராஜ்யம் கட்டியது. இதைப் பார்த்த எல்லா முதலாளிகளுக்கும் ஒரே ஆசை: நமக்கும் ஒரு 'லைவ் சர்வீஸ்', அதாவது சர்வரில் ஓடிக்கொண்டே தொடர்ந்து காசு தரும் கேம், வேண்டும்.

எல்லோரும் ஒரே குளத்தில் தூண்டில் போட்டால் என்ன ஆகும்? ஆடுபவனுக்கு ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான். சோனி 2026 மார்ச்சுக்குள் 12 லைவ் சர்வீஸ் கேம்கள் என்று திட்டமிட்டு, 2023 நவம்பரில் அதை ஆறாகக் குறைத்தது. அவர்களின் கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. இரண்டு வாரம். வாங்கிய அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அதைப் பாராட்ட வேண்டும். அதைச் செய்த ஃபயர்வாக் ஸ்டுடியோ அக்டோபரிலேயே மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் உழைத்த வருடங்களுக்குக் காட்டிக்கொள்ள இன்று ஓடக்கூடிய ஒரு கேம் கூட இல்லை. கேம் மூடப்படுவதால் ஏமாறுவது வாங்கியவன் மட்டும் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நம் ஊர்ப் பையன்களுக்கும் இந்த அனுபவம் உண்டு, வேறு காரணத்தால். பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்தது. அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான சர்வரும் நின்றது. அதுவரைக்கும் போனில் ஏற்கெனவே இருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று தைரியமாக இருந்தவர்கள் எத்தனையோ பேர். போனில் இருப்பது ஒரு ரிமோட் மட்டும்தான் என்று அன்று தெரிந்தது. ஆனால் அது இலவச கேம். முழு விலை வாங்கிக்கொண்டு ரிமோட்டை மட்டும் கொடுப்பதுதான் நான் பேசும் வழக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? வாங்கும்போது நாம் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தும் அந்த நீண்ட ஒப்பந்தத்தில், நாம் வாங்குவது பொருள் இல்லை, பயன்படுத்தும் அனுமதி மட்டும் என்று எழுதியிருக்கும். யூபிசாஃப்டின் சந்தாப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பிலிப் ட்ரம்ப்ளே 2024 ஜனவரியில் ஒரு பேட்டியில், சிடி, டிவிடி சொந்தமாக இல்லாமல் மக்கள் பழகிக்கொண்டது போல கேம் சொந்தமில்லாமல் இருப்பதற்கும் பழகினால்தான் சந்தா வளரும் என்கிற பொருளில் பேசினார். அவர் பேசியது சந்தாவைப் பற்றித்தான், அதைத் திரித்துவிட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு, நியாயமானதே. ஆனால் மூன்று மாதம் கழித்து தி க்ரூ அணைக்கப்பட்டபோது அந்தப் பேச்சுக்கு யாரும் விளக்கவுரை கேட்கவில்லை.

கலிஃபோர்னியாவில் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது. டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்று பட்டன் போட்டால், கிடைப்பது அனுமதி மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக டவுன்லோடு செய்து ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளக் கொடுத்தால் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜனவரி 1 முதல் அமல். அதற்கு முன்பே ஸ்டீம் தன் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. நேர்மை கூடியது, உரிமை கூடவில்லை. 'இந்த டீ சூடாக இருக்காது' என்று போர்டு மாட்டிவிட்டு ஆறிய டீயை விற்பது மாதிரி.

அதே கலிஃபோர்னியாவில் தி க்ரூ வாங்கிய இருவர் 2024 நவம்பரில் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பின்னர் காட்டிய ஒரு விஷயம் என்னைச் சிரிக்க வைத்தது: பெட்டியோடு வந்த ஆக்டிவேஷன் கோடு 2099 வரை செல்லும் என்று அச்சிட்டிருந்ததாம். நிறுவனத்தின் பதில், எதிர்பார்த்தது போலவே, நீங்கள் வாங்கியது அனுமதிதானே என்பது.

நீதிமன்றத்தை விடப் பெரிதாகப் போனது கையெழுத்து இயக்கம். ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று தொடங்கினார். சர்வரைக் காலகாலத்துக்கும் ஓட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவர்கள் தாங்களே ஏதாவது ஒரு வழியில் ஆடிக்கொள்ளும்படி விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு குடிமக்கள் மனு ஆணையத்தின் மேஜைக்குப் போக 10 லட்சம் கையெழுத்து வேண்டும், ஏழு நாடுகளில் குறைந்தபட்ச எண்ணிக்கையும் வேண்டும். முதல் பத்து மாதத்தில் பாதிதான் வந்திருந்தது, இயக்கம் முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். 2025 ஜூன் கடைசியில் திடீரென்று வேகம் பிடித்து, ஜூலை தொடக்கத்தில் 10 லட்சத்தைத் தாண்டி, ஜூலை 31 அன்று முடியும்போது 14 லட்சத்துக்கு மேல் நின்றது. பிரிட்டனில் ஒரு லட்சம் தாண்டிய மனு அதே ஆண்டு நவம்பர் 3 அன்று நாடாளுமன்ற விவாதத்துக்கு வந்தது. சட்டத்தைத் திருத்தும் திட்டமில்லை என்று அரசு கைவிரித்தது வேறு விஷயம்.

தயாரிப்பாளர்கள் தரப்பில் வீடியோ கேம்ஸ் யூரோப் என்ற சங்கம் பதில் சொன்னது. தனியார் கையில் சர்வர் போனால் ஆடுபவர்களின் தகவலுக்குப் பாதுகாப்பு இருக்காது, சட்டவிரோதமான உள்ளடக்கம் வந்தால் பொறுப்பு எங்கள் தலையில் விழும், முதலிலிருந்தே ஆன்லைனுக்காகக் கட்டிய கேம்களுக்கு இதைச் செய்யச் சொன்னால் செலவு எகிறும். இவற்றைப் பொய் என்று தள்ள மாட்டேன். இன்றைய சர்வர் எங்கள் அண்ணனின் சிபியு மாதிரி ஒரே பெட்டி இல்லை. அதற்குள் பிற நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்த மென்பொருள் துண்டுகள் இருக்கும், அவற்றைத் தூக்கி வெளியே கொடுக்க முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கேமைப் பிரித்துக் கட்டுவது உண்மையிலேயே பெரிய செலவு. அதனால்தான் இந்தக் கோரிக்கை இனி வரப்போகும் கேம்களைக் குறிவைக்கிறது. வரைபடம் போடும்போதே பின்வாசல் வைப்பதற்கும், கட்டி முடித்த பிறகு சுவரை இடிப்பதற்கும் செலவு ஒன்றா?

மனது வைத்தவர்கள் செய்தும் காட்டியிருக்கிறார்கள். குவேக் 1996இல் வந்தது; 1999 டிசம்பரில் அதன் மூல நிரலையே (சோர்ஸ் கோடு) வெளியே கொடுத்துவிட்டார்கள், இன்றும் எந்தக் கருவியிலும் அது ஓடுகிறது. நாக்அவுட் சிட்டி என்ற பந்தெறியும் கேமை 2023 ஜூனில் மூடியபோது, வெலான் ஸ்டுடியோஸ் பிசிக்கு ஒரு தனியார் சர்வர் பதிப்பை இலவசமாகத் தந்துவிட்டே போனது. கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட்டின் சர்வர் 2024 ஜனவரி 31 அன்று நின்றது; அதற்கு முன்பே அப்டேட் போட்டு, தனி ஆட்டத்தை ஆஃப்லைனுக்கு மாற்றிவிட்டார்கள். சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேம் 2012 நவம்பரில் மூடப்பட்டது. ரசிகர்கள் ரகசியமாகச் சர்வர் ஓட்டி, 2019இல் குட்டு வெளிப்பட்டு, கடைசியில் 2024 ஜனவரியில் அதை மூடிய என்சிசாஃப்ட் நிறுவனமே ஹோம்கமிங் என்ற ரசிகர் குழுவுக்கு முறைப்படி அனுமதி கொடுத்தது. வானம் இடிந்து விழவில்லை.

தி க்ரூவுக்கே கூட ஒரு வால் இருக்கிறது. இத்தனை சத்தத்துக்குப் பிறகு யூபிசாஃப்ட் தி க்ரூ 2க்கு ஆஃப்லைன் வசதி தருவதாகச் சொன்னது, 2025 அக்டோபரில் தந்தும் விட்டது. முதல் பாகத்தை ரசிகர்களே தாங்கள் எழுதிய சர்வரைக் கொண்டு 2025 செப்டம்பரில் பிசியில் எழுப்பிவிட்டார்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்குகள் மட்டும் இன்னமும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சட்டம் வரும்வரை நான் ஒரு சின்ன வேலை செய்கிறேன். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அதனால் புது கேம் இறங்கியதும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றி, வீட்டு ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி திறப்பேன். மெனு வருகிறதா, தனி ஆட்டம் தொடங்குகிறதா, சேவ் ஆகிறதா. மூன்றும் ஆனால் கேம் தங்கும். வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ரவுட்டரை அணைத்ததற்குத் திட்டுவார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. போன சேலில் வாங்கிய மூன்றில் ஒன்று சர்வரைத் தேடிக்கொண்டே நின்றது. பதினோரு நிமிடம்தான் ஆடியிருந்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.